தூசிப் படமும் சாம்பல் வேஷமும்: வாசகர் கேள்வி – பதில்

வடசென்னையில் ஆலையும் அனல்மின் நிலையமும் குப்பைமேடும் சூழ்ந்த எண்ணூர், மணலி, திருவொற்றியூர், கொடுங்கையூர்ப் பக்கமிருந்து வந்த கடிதங்களை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம். புகையோடும் சாம்பலோடும் எண்ணெயோடும் குடித்தனம் நடத்துகிறவர்கள் அதையே படமாகவும் நாடகமாகவும் தையலாகவும் செய்து பார்க்கிறார்கள். செய்யும்போது வரும் சந்தேகங்கள்தான் இவை.

கேள்வி: எங்கள் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் மொட்டை மாடித் தூசியிலேயே படம் செய்ய ஆசைப்பட்டார்கள். வெள்ளை சார்ட் பேப்பரில் வாசலின் தடவி, மீன் வடிவம் வெட்டிய அட்டையை மேலே வைத்தோம். இரண்டு நாளில் தாள் முழுக்க எண்ணெய் ஊறி, மீன் எது தூசி எது என்று தெரியவில்லை. எங்கே தப்பு?
(ஆசிரியை, மணலி புதுநகர்)

பதில்: தப்பு தாளில். வாசலினில் மெழுகும் எண்ணெயும் கலந்திருக்கின்றன. வெயில் ஏறியதும் எண்ணெய் பிரிந்து தாளுக்குள் இறங்கிவிடும். பஜ்ஜி மடித்த பேப்பர் எப்படி ஆகுமோ அப்படித்தான். தாளை விட்டுவிட்டு வழவழப்பான வெள்ளை டைல்ஸுக்கு மாறுங்கள். 8 அங்குலச் சதுரம் போதும்; டைல்ஸ் கடையில் மிச்சம் மீதி கேட்டால் சும்மாவே தருவார்கள்.

அட்டையும் வேண்டாம். வாசலின் மேல் அட்டையை வைத்து எடுத்தால் ஓரமெல்லாம் இழுபடும். வண்டி நம்பர் பிளேட் ஒட்டும் ஸ்டிக்கர் கடையில் வினைல் ஷீட் வாங்கி மீனை வெட்டி, துடைத்துக் காய்ந்த டைல்ஸில் முதலில் ஒட்டுங்கள். அதன் மேலேயே வாசலின் பூசுங்கள். சதுரம் முழுக்கவும் சேர்த்து கால் டீஸ்பூன்தான்; பழைய ஏடிஎம் கார்டின் விளிம்பால் வழித்துப் பரப்ப வேண்டும். தடிமனாக இருந்தால் தூசி உள்ளே மூழ்கி, படம் மங்கிப்போகும். வைத்த காலம் முடிந்ததும் குண்டூசி நுனியால் ஸ்டிக்கரைக் கிளப்புங்கள். சாம்பல் நிறத்துக்கு நடுவே வெள்ளை மீன் கத்தி வெட்டியதுபோல் நிற்கும்.

வைக்கும் இடத்துக்கும் கணக்கு உண்டு. தரையில் வைத்தால் பெருக்கும் தூசிதான் விழும். மூன்றடி ஸ்டூல் மேல், சமையலறைப் புகைபோக்கிக்கும் தெருவுக்கும் தள்ளி, மட்டமாக வையுங்கள். சாய்ந்திருந்தால் சித்திரை வெயிலில் வாசலின் உருகி வழியும். தை, மாசி உகந்த காலம். போகிக்கு முன்பின் மூன்று நாள் தவிர்க்கவும். இல்லையென்றால் ஊர் எரித்த பாயும் டயரும் ஆலைக் கணக்கில் சேர்ந்துவிடும். இதே மாதிரி பூசிய இன்னொரு டைல்ஸை மூடிய டப்பாவில், பீரோவுக்குள் வையுங்கள். பக்கத்தில் காட்ட அந்தச் சாட்சி இல்லாவிட்டால், "வாசலினே இந்த நிறம்தான்" என்று யாராவது சொல்லும்போது உங்களிடம் பதில் இருக்காது.

அடுத்தது காற்று. ஆனி, ஆடியில் காலையில் மேல்காற்று அடித்து மணலிப் புகையைத் திருவொற்றியூர்ப் பக்கம் தள்ளும். மதியத்துக்கு மேல் கடற்காற்று எழுந்து அதையே திருப்பி அனுப்பும். நாள் முழுக்க ஒரே டைல்ஸை வைத்தால் இரண்டும் கலந்துவிடும். அந்த மாதங்களில் செய்வதானால் காலை 6 முதல் 12 வரை ஒன்று, 1 முதல் 6 வரை வேறொன்று என நான்கு நாள் மாற்றி மாற்றி வையுங்கள். இடையில் டப்பாவில் மூடி வைக்க வேண்டும். இரண்டு மீனும் ஒரே நிறத்தில் வராது.

முடிந்த படத்தின் மேல் எதையும் தெளிக்காதீர்கள். வார்னிஷ் வாசலினில் பிடிக்காது. ஓரத்தில் ஃபோம் டேப் ஒட்டி, அதன் மேல் ஓஎச்பி ஷீட்டை (கண்ணாடிபோல் தெரியும் பிளாஸ்டிக் தாள்) படத்தைத் தொடாமல் நிற்கும்படி மூடுங்கள். பின்பக்கம் தேதி, நேரம், எத்தனையாவது மாடி, காற்றின் திசை எழுதி ஒட்டுங்கள். அந்தச் சீட்டு இல்லாத தூசிப் படம் சுவரில் மாட்டும் அழகுப் பொருள்தான். சீட்டு இருந்தால் அதே படம் பதிவேடு. மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தின் 'சமீர்' செயலியில் மணலி நிலையத்தின் அன்றைய அளவையும் பக்கத்தில் குறித்துவிடுங்கள். ஏனென்றால் டைல்ஸில் கண்ணுக்குத் தெரியும்படி படிவது பெரும்பாலும் கனமான தூசி. நுரையீரலின் ஆழத்துக்குப் போகும் பிஎம் 2.5 என்னும் நுண்தூசி, தலைமுடிப் பருமனில் முப்பதில் ஒரு பங்குகூட இருக்காது. அதற்கு நம் நாட்டு வரம்பு 24 மணி நேரச் சராசரியாக கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்னது 15. டைல்ஸ் வெள்ளையாக இருக்கிறது என்பதற்காகக் காற்று சுத்தம் என்று பிள்ளைகள் எடுத்துக்கொள்ளக் கூடாது.

பள்ளி ஆய்வகத்தில் 400 மடங்கு நுண்ணோக்கி இருக்குமே, ஒரு துளி தூசியைத் தண்ணீரில் கலந்து பாருங்கள். மண் துகள் உடைந்த கல்கண்டுபோல் கோணல் மாணலாக இருக்கும். அனல்மின் நிலையச் சாம்பல் உருண்டையான கண்ணாடி மணி. சில மணிகளுக்கு உள்ளே குமிழியும் தெரியும். அதை அப்படியே வரையச் சொன்னால் அதுவே இன்னொரு படம். ஒன்று மட்டும்: காந்தத்தில் ஒட்டினால் ஆலைத் தூசி என்று முடிவு கட்டாதீர்கள். பிரேக் தூசியும் கடற்கரைக் கருமணலும்கூட ஒட்டும்.

கேள்வி: எங்கள் வீதி நாடகக் குழுவில் ஆறு பேர் உடம்பு முழுக்கச் சாம்பல் பூசிக்கொண்டு வருகிற காட்சி இருக்கிறது. ஆற்றோரம் படிந்திருக்கிற நிஜ அனல்மின் நிலையச் சாம்பலையே பூசினால்தான் உண்மையாக இருக்கும் என்கிறார் இயக்குநர். செய்யலாமா?
(வாசகர், எண்ணூர்)

பதில்: கூடாது. பார்க்கிறவர் கண்ணுக்கு அது எந்தச் சாம்பல் என்று தெரியப்போவதில்லை. தெரியப்போவது பூசியவர் நெஞ்சுக்குத்தான். நிலக்கரிச் சாம்பலில் பாதிக்கு மேல் சிலிக்கா. கூடவே ஆர்செனிக், ஈயம், குரோமியம் சிறு அளவில் உண்டு. காய்ந்ததும் உதிர்ந்து, வசனம் பேச இழுக்கும் ஒவ்வொரு மூச்சோடும் உள்ளே போகும். வியர்வை பட்டால் தோல் எரியும்.

வேஷத்துக்கு: முல்தானி மட்டி 4 ஸ்பூன், நன்றாக அரைத்துச் சலித்த சிரட்டைக்கரி அரை ஸ்பூன், கிளிசரின் ஒரு ஸ்பூன், குழைக்கத் தண்ணீர். கிளிசரின் இல்லாமல் செய்தால் பத்து நிமிடத்தில் வெடித்து உதிரும். முதல் நாளே முழங்கையின் உள்பக்கம் தடவி அரிப்பு வருகிறதா பாருங்கள். கண்ணைச் சுற்றி ஒரு விரல் இடம் விடுங்கள்.

நிஜச் சாம்பல் மேடையில் இருந்தே ஆக வேண்டும் என்றால் அந்தச் சாம்பலிலேயே செய்த ஃப்ளை ஆஷ் செங்கல்லை வாங்கி அடுக்குங்கள். சாம்பல் அதில் கட்டுண்டு கிடக்கிறது. உலர்ந்த கல்லை அறுக்கவோ துளையிடவோ வேண்டாம். அறுத்தால் மறுபடி தூசிதான்.

(இதே சாம்பலை ஓவிய வண்ணமாகக் குழைக்கலாமா என்று எர்ணாவூரிலிருந்து இன்னொரு கடிதம். பெரியவர்கள் செய்யலாம். ஈரமாகவே அள்ளி, ஈரமாகவே கலக்க வேண்டும். ஒரு பங்கு சாம்பல் சேற்றுக்கு மூன்று பங்கு அக்ரிலிக் மீடியம். உலர்த்திச் சலிக்கக் கூடாது. என்95 முகக்கவசமும் கையுறையும் கட்டாயம். தூரிகை கழுவிய தண்ணீரை ஒரு ராத்திரி வாளியில் தெளிய விட்டு, அடிவண்டலைத் தனியாக மூடி வையுங்கள். சிறு பிள்ளைகள் கை வைக்கிற பட்டறையில் வேண்டவே வேண்டாம்.)

கேள்வி: கேஸ் வாசனை ராத்திரியில் வருகிறது, காலையில் போய்விடுகிறது. புகார் சொன்னால் "எப்போது, எங்கே" என்கிறார்கள். வாசனையை எப்படிப் படமாக்குவது?
(இல்லத்தரசி, திருவொற்றியூர்)

பதில்: ஸ்டிக்கர் பொட்டு இருக்கிறதே, அது போதும். ஒரு தெருவில் முப்பது வீட்டுக்கு ஒரே மாதிரி மாதக் காலண்டர் கொடுங்கள். ஒவ்வொரு நாள் கட்டத்தையும் பேனாவால் நான்காகப் பிரியுங்கள்: விடிகாலை, பகல், மாலை, ராத்திரி. வாசனைக்கு ஒரு நிறம். அழுகிய முட்டைக்குப் பச்சை, சிலிண்டர் கசிவு மாதிரி வந்தால் சிவப்பு, கண் எரிகிற மூத்திர நெடிக்கு மஞ்சள், கரிப்புகைக்குக் கறுப்பு. லேசாக இருந்தால் சின்னப் பொட்டு, தாங்க முடியவில்லை என்றால் பெரிய பொட்டு. எழுதப் படிக்கத் தெரியாத ஆயாவும் இதைச் செய்துவிடுவார்.

இந்த வேலை பெரும்பாலும் கெட்டுப்போவது வெற்றுக் கட்டத்தால். வாசனை இல்லாத வேளைக்கும் ஒரு வெள்ளைப் பொட்டு ஒட்டச் சொல்லுங்கள். இல்லையென்றால் காலிக் கட்டம் வாசனை வராததா, ஒட்ட மறந்ததா, வீட்டில் ஆளே இல்லையா என்று சொல்ல முடியாது. இரண்டாவது ஆபத்து, மாதக் கடைசியில் உட்கார்ந்து ஞாபகத்திலிருந்து மொத்தமாக ஒட்டுவது. அப்படி ஒட்டியது பார்த்தாலே தெரியும், கோலப்புள்ளி மாதிரி ஒழுங்காக இருக்கும். வாரம் இரண்டு முறை ஒருவர் வீடு வீடாகப் போய்ச் செல்போனில் படம் எடுத்துக்கொண்டால் இது நடக்காது.

மாத முடிவில் காலண்டர்களைத் தெருவில் வீடு இருக்கும் வரிசையிலேயே கயிற்றில் தொங்கவிடுங்கள். ஒரே ராத்திரிக்கு முப்பது தாளிலும் மஞ்சள் ஓடினால் அது மூக்கின் கற்பனை இல்லை. ஒரு கோடியில் பெரிய பொட்டாகத் தொடங்கி மறுகோடியில் சின்னதாகக் குறைந்தால், எந்தப் பக்கமிருந்து வந்தது என்பதும் தெரியும். 2023 டிசம்பர் 26 ராத்திரி எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தபோது ஊரே எழுந்து ஓடியது. அந்த மாதிரி ராத்திரிக்குக் காலண்டரே தேவையில்லை. தேவைப்படுவது செய்தித்தாளுக்கு எட்டாத மற்ற ராத்திரிகளுக்கு.

ஒரு எச்சரிக்கை. அழுகிய முட்டை வாசனை தருகிற ஹைட்ரஜன் சல்பைடு, அளவு கூடினால் மூக்கையே மரத்துப்போகச் செய்யும். கடுமையாக வந்த வாசனை திடீரென்று நின்று தலை சுற்றினால் பொட்டு தேடாமல் காற்று வரும் திசைக்குக் குறுக்காக வெளியேறுங்கள்.

கேள்வி: 2023 எண்ணெய்க் கசிவில் நாசமான வலைகளை இன்னும் வைத்திருக்கிறோம். அதைக் கண்காட்சியில் தொங்கவிட ஒரு கலைக்குழு கேட்கிறது. என்ன கவனிக்க வேண்டும்?
(இளைஞர், காட்டுக்குப்பம்)

பதில்: முதலில், கொடுக்கும் முன் ஒவ்வொரு வலையையும் விரித்து அளவு நாடாவோடு படம் எடுங்கள், யாருடையது, எந்த வகை, எத்தனை கிலோ, எந்தத் தேதியில் எங்கே எண்ணெய் பட்டது என்று எழுதி உரிமையாளர் கையெழுத்து வாங்குங்கள். நஷ்ட ஈடு கேட்டு எங்காவது மனு நிலுவையில் இருந்தால் வலைதான் சாட்சி. சாட்சியைக் கத்தரித்துக் கலை செய்துவிட்டு அப்புறம் வருத்தப்படக் கூடாது. கலைக்குழு கேட்பது முழு வலை என்றாலும் இரண்டு மீட்டர் துண்டு போதும்.

தொடும்போது நைட்ரைல் கையுறை. துணிக் கையுறை எண்ணெயை உறிஞ்சித் தோலோடு பிடித்துவைக்கும். கையில் பட்டால் சமையல் எண்ணெய் தேய்த்து, பிறகு சோப்பு. பெட்ரோல், மண்ணெண்ணெய் வேண்டாம். மூடிய ஹாலில் திறந்து தொங்கவிட்டால் அரை மணியில் தலைவலி வரும். திறந்தவெளியில் வையுங்கள். உள்ளேதான் என்றால் இரண்டு அக்ரிலிக் தகடுகளுக்கு நடுவே வைத்து நான்கு ஓரமும் சிலிக்கான் பூசி மூடுங்கள். அடியில் தட்டு வைக்க மறக்காதீர்கள். வெயில் பட்டால் கட்டிப்போன எண்ணெயும் இளகிச் சொட்டும். கண்காட்சி முடிந்ததும் குப்பை வண்டியில் போடாமல், மூடியுள்ள டிரம்மில் வைத்து, கும்மிடிப்பூண்டி அபாயக் கழிவு மையத்துக்கு அனுப்பும் வழியை மாசுக்கட்டுப்பாட்டு வாரிய மாவட்ட அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். அந்தச் செலவைக் கலைக்குழு ஏற்கிறதா என்பதை முதல் நாளே பேசிவிடுவது நல்லது.

கேள்வி: எங்கள் கொசஸ்தலை ஆற்றை முன்பு இருந்தபடி துணியில் தைக்க எங்கள் மகளிர் குழு முடிவு செய்தது. கூகுள் மேப்பை அச்சடித்துப் பெரியவர்களிடம் கொடுத்தால் யாருக்கும் பிடிபடவில்லை.
(வாசகி, தாழங்குப்பம்)

பதில்: பிடிபடாது. மேலிருந்து பார்ப்பது பறவையின் பார்வை. அவர்கள் ஆற்றைப் படகிலிருந்து பார்த்தவர்கள். வெறும் காடாத்துணியில் தொடங்குங்கள். 3 மீட்டருக்கு 2 மீட்டர், சுற்றி ஆறு பேர் உட்காரலாம். கஞ்சி போகத் துவைத்துக் காயவைத்தது முக்கியம்; இல்லையென்றால் தைத்த பிறகு சுருங்கி ஆறு நெளியும். தையற்காரர் சாக்பீஸால் முகத்துவாரத்தை மட்டும் நீங்கள் வரையுங்கள். "இங்கிருந்து படகை உள்ளே விட்டா முதல்ல எது வரும்?" என்று கேளுங்கள். பாடு வலை கட்டிய இடம், இறால் தடவிய சேறு, மட்டி எடுத்த திட்டு, அலையாத்தி, உமரி எல்லாம் அவர்களே வைப்பார்கள். தூரம் சரியாக வராது, வர வேண்டியதும் இல்லை. வரிசை சரியாக இருந்தால் போதும். வேறு குப்பத்துப் பெரியவர்கள் ஒருமுறை பார்த்துத் திருத்தாமல் ஊசி எடுக்காதீர்கள்.

வருடம் கேட்டால் யாரும் சொல்ல மாட்டார்கள். "ரிஃபைனரி வந்ததுக்கு முன்னாடியா, துறைமுகத்துக்கு அப்புறமா?" என்று கேட்டால் வரும். மணலி சுத்திகரிப்பு ஆலை ஓடத் தொடங்கியது 1969. பழைய எண்ணூர் அனல்மின் நிலையம் 1970, மூடியது 2017. வடசென்னை அனல்மின் நிலையம் 1994, எண்ணூர்த் துறைமுகம் 2001. இடையில் 2004 சுனாமி, 2015 வெள்ளம், 2023 மிக்ஜாம் புயல். ஒவ்வொரு இடைவெளிக்கும் ஒரு நூல் நிறம் என்று வைத்தால், காணாமல் போன இடம் எப்போது போனது என்று துணியே சொல்லும். வடசென்னை அனல்மின் நிலையத்திலிருந்து செப்பாக்கம் சாம்பல் குளத்துக்குப் போகும் குழாய்களையும், இப்போது சேற்றை மூடிக் கிடக்கிற 'காக்கா ஆழி'யையும் கடைசி நிறத்தில் தையுங்கள். தென் அமெரிக்கச் சிப்பி அது, நம் இறால் சேற்றுக்கு வந்த புது விருந்தாளி.

சிவப்பு நூல் சாயம் விடும். ஒரு முழம் எடுத்து வெந்நீரில் போட்டுப் பார்த்த பிறகே வாங்குங்கள். கழிமுகத்தைக் கட்டுமானம் கூடாத இடமாகக் காட்டும், 1996-ஆம் ஆண்டு அங்கீகரித்த கடலோர மண்டல வரைபடத்தின் நகலையும் பக்கத்தில் மாட்டினால் அதிகாரிகள் நின்று பார்ப்பார்கள். நோயாளி இருக்கிற வீட்டை மட்டும் துணியில் குறிக்காதீர்கள். பெண் பார்க்க வருகிறவர்களும் அந்தத் துணியைப் பார்ப்பார்கள்.

கேள்வி: கொடுங்கையூர்க் குப்பைமேட்டு ஓரத்தில் சூரியகாந்தி நட்டால் மண்ணிலுள்ள நஞ்சை உறிஞ்சிவிடும், அதுவே ஒரு கலைப் படைப்பு என்கிறார்களே?
(மாணவர், தண்டையார்பேட்டை)

பதில்: முன்னுதாரணம் உண்டு. அமெரிக்கக் கலைஞர் மெல் சின் 1991-இல் மினசோட்டாவில் 'பிக்ஸ் ஐ' என்ற குப்பைமேட்டில், ரூஃபஸ் சேனி என்ற வேளாண் விஞ்ஞானியோடு சேர்ந்து, காட்மியத்தையும் துத்தநாகத்தையும் இழுக்கும் செடிகளை நட்டார். அங்கே வேலி இருந்தது, அறுவடையைச் சோதிக்க ஆய்வகம் இருந்தது. இங்கே வேலி இல்லாத இடத்தில் நட்டால் மாடு மேயும், விதையைக் கிளி தின்னும், காய்ந்த தண்டை யாராவது அடுப்பில் வைப்பார்கள். இழுத்த உலோகம் மறுபடி ஊருக்குள் வரும். மண்ணைச் சோதித்து, எந்த உலோகம் என்று தெரிந்து, அறுத்த செடியை எங்கே கொண்டு போவது என்று எழுதிவைத்த பிறகு நடுங்கள். அதுவும் ஒரு போகத்தில் முடியாது, வருடக்கணக்காகும்.

கேள்வி: மூச்சுத்திணறல் உள்ள குழந்தையைப் படம் எடுத்துப் பெரிதாக வைக்கலாமா? அம்மா சம்மதித்துவிட்டார்.
(புகைப்படக்காரர், ராயபுரம்)

பதில்: வேண்டாம். நெபுலைசரை எடுங்கள், மாத்திரை அட்டையை எடுங்கள், மருந்துக்கடை ரசீதை, பெயரையும் சீட்டு எண்ணையும் மறைத்து, எடுங்கள். குழந்தைக்குப் பதினெட்டு வயதாகும்போதும் அந்த முகம் இணையத்தில் இருக்கும். அதற்கான சம்மதத்தை இன்றைக்கு அம்மாவால் தர முடியாது.

கேள்வி: உமரி, அலையாத்தி இலைகளைத் துணியில் வைத்து நீல அச்சு (சயனோடைப்) எடுக்கிறோம். வெயிலில் நன்றாக வருகிறது, கழுவினால் வெளுத்துவிடுகிறது. போர் தண்ணீர்தான்.
(கல்லூரி மாணவி, எர்ணாவூர்)

பதில்: போர் தண்ணீரின் காரத்தன்மைதான் காரணம். இந்த நீலம் காரத்தில் நிற்காது. கேன் தண்ணீரில் கழுவுங்கள். முதல் அலசலில் லிட்டருக்கு ஒரு ஸ்பூன் வெள்ளை வினிகர் விடுங்கள். மஞ்சள் கரைவது நிற்கும் வரை, ஏறக்குறைய பத்து நிமிடம். பிறகு எந்தக் காலத்திலும் சோப்புத்தூள் படக் கூடாது, அதில் சோடா இருக்கிறது.

கலவையையும் சரிபாருங்கள். 100 மில்லி தண்ணீரில் பச்சை ஃபெரிக் அமோனியம் சிட்ரேட் 25 கிராம். வேறு 100 மில்லியில் பொட்டாசியம் ஃபெரிசயனைடு 10 கிராம். பூசும் நேரத்தில் மட்டும் சம அளவு கலக்க வேண்டும். முதல் பாட்டிலில் நம் ஊர்ப் புழுக்கத்துக்குப் பூஞ்சை கட்டும், வடிகட்டிப் பயன்படுத்தலாம். இரண்டாவது பாட்டிலைக் கழிவறை ஆசிட் இருக்கும் அலமாரியில் வைக்காதீர்கள், இரண்டும் சேர்ந்தால் நச்சு வாயு வரும். உமரி சதைப்பற்றுள்ள செடி. அப்படியே வைத்தால் வெயிலில் சாறு கசிந்து கறை விழும். பழைய பேப்பருக்குள் ஒரு நாள் அழுத்தி வைத்துவிட்டு எடுங்கள். உச்சி வெயிலில் எட்டு நிமிடம், துணி வெண்கலச் சாம்பல் நிறம் ஆகும்வரை. கழுவி எடுத்ததும் நீலம் வெளிறியிருக்கிறதே என்று தூக்கிப் போடாதீர்கள். நிழலில் உலர்த்துங்கள், மறுநாள் காலையில் இன்னும் ஒரு படி ஏறியிருக்கும்.